லெந்து நாளில் பூத்த வெள்ளை லில்லி

எங்கள் வீட்டு வெள்ளை லில்லி வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பங்குனியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு தண்டு மட்டும் எழும்பும், துணைக்கு ஓர் இலைகூட இருக்காது. முழ உயரத்துக்கு வளர்ந்ததும் உச்சியில் நாலு மொக்கு. விரிந்தால் ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிய பூ, தொண்டைக்குள் மட்டும் லேசான பச்சை. ஐந்து நாள், மிஞ்சினால் ஆறு நாள் நிற்கும். மற்ற நாளெல்லாம் அது வெறும் கிழங்கும் இலையும்தான். "இதுக்கா இவ்ளோ பாடு?" என்று என் கணவர் கேட்பார். அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு வராத எதன் மேலும் அவருக்கு மரியாதை கிடையாது.

சிவப்பு லில்லி எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. சாக்கடை ஓரம் எறிந்தாலும் பூக்கும். வெள்ளை அப்படியில்லை. எங்கள் சர்ச்சுக்கு மாற்றலாகி வந்த ஒரு பாஸ்டரம்மா கோத்தகிரியிலிருந்து கொண்டுவந்த கிழங்கு அது. மறுபடி மாற்றலாகிப் போகும்போது, சாமான் ஏற்றிய லாரியில் இடமில்லை என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். "ஈஸ்டருக்குப் பூக்கும்" என்று மட்டும் சொன்னார்கள். குளிரில் வளர்ந்த கிழங்கு திருத்தணி வெயிலில் என்ன செய்யும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் அது எனக்குப் பூக்கவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சாண எருவைத் தூளாக்கிப் போட்டேன். மழைக்காலத்தில் கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட புழுக்கள் இலையைத் தின்ன வரும், அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். இலை மட்டும் தளதளவென்று வந்தது. கோபத்தில் ஒருநாள் அதைப் பிடுங்கிக் குப்பையில் போடக் கடப்பாரையோடு நின்றிருந்தேன். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, அத்த இன்னாத்துக்கு நோண்டற?"

பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில் அவர்களுக்கு நிலம் இருக்கிறது. மகன்களின் படிப்புக்காகத் திருத்தணிக்கு வந்து, எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். வந்த புதிதிலேயே என் கணவர் அவளை அக்கா என்றும் அவள் வீட்டுக்காரரைப் பாவா என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். புருஷனுக்கு அக்கா என்றால் எனக்கு நாத்தனார், தெலுங்கில் வதினா. அந்தப் பக்கத்தில் பாதித் தெலுங்கு என்பதால் அந்தச் சொல் அவளுக்கும் பிடித்திருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார்பு உயரத்துக்கு ஒரு சுவர். இருபது வருஷம் நாங்கள் பேசியதெல்லாம் அந்தச் சுவரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான்.

பூக்காத கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"தண்ணி ஊத்தி ஊத்தி அத்த சோம்பேறி ஆக்கி வெச்சிகினு, அது மேல கோவப்படற. கெழங்குக்குப் பட்டினி போடணும்மா. கார்த்திக மழ வுட்டதும் சொட்டுத் தண்ணி காட்டாத. எல காஞ்சி வுழட்டும். செத்துப்போச்சின்னு நெனச்சிக்கோ. மாசி பொறந்து பத்து நாள் கழிச்சி ஒரு சொம்பு ஊத்து. மஞ்சளும் அப்பிடித்தான், சேப்பங்கெழங்கும் அப்பிடித்தான். இது மட்டும் தொரசாணியா?"

எனக்கு நம்பிக்கை இல்லை. இலை பழுத்துக் காயும்போது இரண்டு தடவை மனம் பொறுக்காமல் சொம்போடு போனேன். இரண்டு தடவையும் சுவர் மேலிருந்து கையும் களவுமாகப் பிடித்தாள். கடைசியில் அவள் சொன்னபடியே மார்கழி முழுக்க, தை முழுக்க அதைத் திரும்பியும் பார்க்காமல் இருந்தேன். அந்தப் பங்குனியில் அது பூத்தது. நாங்கள் இருவரும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏ அப்பா, இன்னா வெள்ள" என்றாள் அவள். நான் அதற்குப் பிறகும் அதை என் லில்லி என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

இங்கே லெந்து நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் வீடுகளில் தலையில் பூ வைப்பதில்லை. சர்ச்சில் ஆல்டர் மேடையிலும் பூ இருக்காது. ஆனால் செடிக்கு அது எப்படித் தெரியும்? குண்டுமல்லி அரும்பெடுத்துக் குலுங்குவதே அந்த மாசி பங்குனியில்தான். அவர்கள் குடிவந்த முதல் வருஷமே, கீழே கொட்டிக் கிடந்த மல்லியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "நீங்க வெக்கலன்னா நான் பறிச்சிக்கட்டா?" தாராளமாக என்றேன். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து என் தோட்டத்துப் பூவெல்லாம் அவளுடையது. காலை ஆறு மணிக்கு எவர்சில்வர் தூக்கோடு கேட்டைத் திறந்து வருவாள். மல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, எதுவானாலும் கேட்க வேண்டியதில்லை. பாதி அவள் வீட்டுச் சாமி படத்துக்கு, பாதி மலைமேல் கோயிலுக்கு.

சர்ச்சில் ஒரு அம்மாள் இதைக் கேள்விப்பட்டு, நம்ம வீட்டுப் பூ அங்கே போகலாமா என்று முகத்தைச் சுளித்தார். "செடிக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலீங்க" என்றேன். அவரோடு ஆறு மாதம் பேச்சு இல்லை. எனக்கு எப்போதும் நாக்கு முந்திக்கொள்ளும். அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வதினாவும் எங்களுக்காகச் செய்வாள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று அவள் வீட்டில் டிவி சத்தமே கேட்காது. மகன்கள் பாட்டுப் போட்டால், "பக்கத்துல துக்கம்டா" என்று அடக்குவாள். துக்கம் முடிந்து மூன்றாம் நாள் கேக் வரும் என்பது அந்தப் பையன்களுக்கும் தெரியும்.

எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குடும்பம் ஆல்டருக்குப் பூ தரும். சர்ச் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் அதற்கு ஒரு நோட்டு இருக்கிறது. ஈஸ்டர் ஞாயிறு மட்டும் எப்போதும் ஒரே பெரிய குடும்பத்துக்குத்தான். அவர்கள் சென்னைக்குக் குடிபோன வருஷம் அந்த ஞாயிறு எனக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வருஷம் ஆல்டரில் கடைப்பூ கிடையாது, என் வீட்டு வெள்ளை லில்லிதான் என்று பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தி விடாமல் சொன்னேன். பாஸ்டரிடம் சொன்னேன். பால்காரரிடம்கூடச் சொன்னேன். வதினாவிடம் மட்டும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் எதுவும் இல்லை. தினமும் பார்க்கிறவளிடம் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது, நடக்கும்போது தெரியத்தானே போகிறது என்று இருந்துவிட்டேன்.

தண்டு நல்ல நேரத்தில் வந்தது. சீக்கிரம் விரியாமல் இருக்க வெயில் படாதபடி பழைய போர்வையைக் கொடியில் போட்டு நிழல் கட்டினேன். அந்த வாரத்தில் பங்குனி உத்திரமும் வந்தது. புதன்கிழமை உத்திரம், மறுநாள் பெரிய வியாழன். புதன் காலையில் மலைப்பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. முதல் மொக்கு பாதி விரிந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலும் விரிந்து நிற்கும். அந்தச் சந்தோஷத்தோடு, ஈஸ்டருக்காகப் பித்தளைச் சாமான் விளக்கும் வேலைக்கு ஆறு மணிக்கு முன்பே சர்ச்சுக்குப் போய்விட்டேன்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தால் தண்டு இல்லை. அடியில் சுத்தமாக, அரிவாளால் ஒரே இழுப்பில் அறுத்தது. உள்ளே குழலாக இருந்த இடத்தில் நீர் கோத்துக் கொண்டிருந்தது. மாடு மேய்ந்திருந்தால் இப்படி இருக்காது. போர்வை நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு மணிக்குச் சுவரின் மேல் அவள் முகம் தெரிந்தது. நெற்றி நிறையத் திருநீறு, வேர்த்து வழிந்து, முழங்கால் வலிக்காரி படியேறிப் போய் இறங்கி வந்திருக்கிறாள். முகத்தில் அவ்வளவு மலர்ச்சி.

"ஏம்மா, உன் பூவ சாமி தோள்லயே சாத்தினாங்க. கூட்டத்துல எல்லாம் கேக்கறாங்க, இது எந்த ஊர் பூன்னு. எங்க பக்கத்து ஊட்டுதுன்னு சொன்னேன். நாலு நாள்ல வாடிடும், நீங்களும் வெக்க மாட்டீங்க, வீணாப் பூடுமேன்னு காலைலயே அறுத்துகினு போய்ட்டேன். நீ பாத்திருக்கணும்."

வாழையிலைப் பொட்டலத்தில் பிரசாதத்தைச் சுவர் மேல் நீட்டினாள்.

நான் சொன்னேன். "உங்க சாமிக்கு ஊர்ல வேற பூவே கெடைக்கலியா?"

அவ்வளவுதான் சொன்னேன். கத்தவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னேன், அதனால்தான் அது அப்படி விழுந்தது. இருபது வருஷத்தில் நாங்கள் இருவரும் உங்க சாமி, எங்க சாமி என்று பேசியதே இல்லை. அவள் வீட்டுப் பையனுக்குப் பரீட்சை என்றால் என்னிடம் ஜெபம் பண்ணச் சொல்வாள். எனக்கு அறுவைச் சிகிச்சை என்றபோது மலைக்கு வேண்டிக்கொண்டாள். எல்லாம் சாமிதான், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. அந்த 'உங்க' என் வாயில் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு பொட்டலத்தைச் சுவரின் மேல் வைத்தாள்.

"தெரியாம அறுத்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பொட்டலத்தை எடுக்கவில்லை. சாயங்காலம் எறும்பு மொய்த்திருந்தது.

ஈஸ்டருக்குக் கடைத்தெருவில் சம்பங்கியும் ரோஜாவும் வாங்கி வைத்தேன். எங்கே உங்கள் லில்லி என்று கேட்டவர்களிடம் வாடிவிட்டது என்று பொய் சொன்னேன். எப்போதும்போல அவள் வீட்டுக்குக் கேக் அனுப்பினேன், ஆனால் நான் கொண்டுபோகவில்லை, என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். அவள் தட்டைக் கழுவித் திருப்பி அனுப்பினாள். எப்போதும் அதில் ஏதாவது போட்டுத்தான் அனுப்புவாள், ஒரு சர்க்கரை உருண்டையாவது இருக்கும். அன்றைக்குத் தட்டு காலியாக வந்தது.

வைகாசியில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். மகன்கள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள், பாவாவுக்கு நிலத்தைத் தனியாகப் பார்க்க முடியவில்லை. போக வேண்டியவர்கள்தான். நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் போனாள் என்று நினைத்தால் அதுவும் என் தற்பெருமைதான். வண்டி ஏறும் முன் வாசலில் வந்து நின்று, சாவி இன்னாரிடம் இருக்கிறது, கரண்டு பில் வந்தால் அவரிடம் கொடு என்று சொன்னாள். சரி என்றேன். மன்னிப்புக் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. மன்னிச்சிடு வதினா என்று இரண்டே சொல். வாய் வரவில்லை. செடிக்கு ஞானஸ்நானம் என்று பேசத் தெரிந்த வாய்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் நல்லவர்கள். இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பார்த்தால் சிரிப்பார்கள். பின்பக்கத்து மண்தரைக்கு டைல்ஸ் போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். நான்தான் காலையில் பல் துலக்கிக்கொண்டு அந்தச் சுவரோரம் போய் நிற்கிறேன். குழம்பில் புளி அதிகமாகிவிட்டால், சர்ச்சில் யாராவது எதையாவது சொல்லிவிட்டால், மகளிடமிருந்து போன் வராவிட்டால், என் கால் தானாக அங்கே போகிறது. போய் நின்ற பிறகுதான் ஆள் இல்லை என்று தோன்றும். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்குப் புதிதாகச் சிநேகிதி கிடைப்பாளா? எனக்குக் கிடைக்கவில்லை. உறவு இருக்கிறது, சர்ச் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் தினமும் நாற்பது பேர் வசனத்தோடு காலை வணக்கம் சொல்கிறார்கள். நான் ஏங்கியது "ஏம்மா" என்ற அந்த ஒரு கூப்பாட்டுக்கு.

அறுத்த மறுவருஷம் லில்லி பூக்கவில்லை. கிழங்கு பக்கத்தில் குட்டி போட்டிருந்தது, குட்டி போட்டால் தாய் ஓய்ந்துவிடும் போலிருக்கிறது. அடுத்த வருஷமும் வெறும் இலை. அவள் சொன்னபடியேதான் பட்டினி போட்டேன். சொம்போடு ஒருமுறைகூடப் போகவில்லை, பிடிப்பதற்கு ஆள் இல்லாதபோது திருடுவதில் என்ன இருக்கிறது. அந்த இரண்டு லெந்திலும் என் குண்டுமல்லி பூத்துப் பூத்துத் தரையில் கொட்டியது. ஆறு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம் இல்லை. புதிதாக வந்த பெண்ணிடம் பறித்துக்கொள்ளச் சொன்னேன். தாங்க்ஸ் ஆன்ட்டி என்றாள், பறிக்கவில்லை. அவளுக்கு எட்டு மணி ரயில். காலையில் நான் கூட்டும்போது விளக்குமாற்றில் மல்லி வாசனை வரும், அது எனக்கு ஆகவில்லை.

"பள்ளிப்பட்டுக்கு அரை மணிக்கு ஒரு பஸ்ஸு போவுது" என்பார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். யாரைப் பார்த்தும் சொல்லமாட்டார். பொதுவாகச் சொல்வார், ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு செய்வதுபோல. எனக்கு எரிச்சலாக வரும். போனால் என்ன சொல்வது? பூவை அறுத்தது அவள், நான் ஏன் போக வேண்டும் என்று முதல் வருஷம் இருந்தேன். இரண்டாம் வருஷம், இவ்வளவு நாள் போகாமல் இப்போது எந்த முகத்தோடு போவது என்று இருந்தேன்.

இந்தப் பங்குனியில் லில்லி பூத்தது. லெந்து பாதி நடக்கும்போதே, ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால், நாலு பூவும் ஒன்றாக விரிந்தன. ஆல்டருக்கு ஆகாது. என் தலைக்கு ஆகாது. வழக்கப்படி பார்த்தால் அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அவளுடையதுதான். மூன்று வருஷம் முன்னால் அந்தப் புதன்கிழமையும் அவளுடையதுதான். நான்தான் கொடுத்த வழக்கத்தை அவளிடம் சொல்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டவள். எனக்கு அழுகை வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பூவின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஏ அப்பா, இன்னா வெள்ள" என்று சொல்ல ஒருத்தி இல்லாமல் அதைப் பார்க்கவே முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். பூவை அறுத்துக்கொண்டு போ என்றார் என் கணவர். வேண்டாம் என்றேன். பூவை நீட்டினால் அவள் வாங்கிக்கொள்ளத்தான் செய்வாள், பேச வேண்டியது பேசாமலே போய்விடும். ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டேன்.

அவள் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டு முன்னால் வேப்ப நிழலில் செடிகள் குவிந்து கிடந்தன, நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது.

"வாம்மா. சாப்ட்டியா?"

"ஆயிடுச்சி வதினா."

"பொய் சொல்லாத. முகத்த பாத்தாலே தெரியுது."

களியும் கீரைக் குழம்பும் போட்டாள். பாவா மகனோடு வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். பெரியவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னாள். என் மகளை விசாரித்தாள், என் சர்க்கரையை விசாரித்தாள். எல்லாம் சரியாகத்தான் பேசினாள். வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல ஒன்றும் விட்டுப்போகாமல் பேசினாள். சாப்பிட்டுவிட்டு நானும் கடலை ஆயக் கூட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"லில்லி பூத்துதா?"

"பூத்துது. நாலு."

"நீ மின்னாடியே சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்கமாட்டனேம்மா. அப்புறமா பால்காரர் சொல்லித்தான் எனுக்குத் தெரியும், உங்க கோயிலுக்கு வெச்சிருந்தன்னு."

"தப்பு உன்னுது இல்ல வதினா. அந்தப் பூ உன்னுதுதான். நான் அந்த வார்த்தய சொல்லியிருக்கக் கூடாது. மூணு வருசமா அதுதான் என்ன அறுத்துகினு இருக்குது. மன்னிச்சிடு."

அவள் கடலையை உதறிக் கூடையில் போட்டாள்.

"இன்னா வார்த்தன்னு உனுக்கு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"எனுக்கும் இருக்குது" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்வாள், அதை ஏன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்வாள் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை, தோன்றாததைச் சொல்லும் பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. நான் அழுதேன். அவள் அழ விட்டாள். கடலைக் குவியல் பாதியாகும்வரை இருவரும் ஆய்ந்துகொண்டிருந்தோம்.

நாலு மணி பஸ்ஸுக்குக் கூடவே ரோடுவரை வந்தாள். முழங்கால் இன்னும் மோசமாகியிருந்தது, நின்று நின்று நடந்தாள். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "போய்ட்டு வர்றேன் வதினா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் போய்ட்டு வா என்றுதான் சொல்வார்கள். வேண்டாதவர்களுக்குக்கூட வாய் அப்படித்தான் சொல்லும். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி இன்னொருமுறை சொன்னேன்.

"வதினா, போய்ட்டு வர்றேன். வர்ற சனிக்கெழம வர்றேன்."

பஸ் நகர்ந்துவிட்டது.

"ஆங்" என்றாள்.